கன்று சொன்ன தீர்ப்பு

விலங்குக் கதை என்றாலே இரஞ்சிதத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படியிருந்தும் அவள் தேடித் தேடி வாசித்தது அவற்றைத்தான். ஆறுகிற புண்ணைச் சொறிவதில் ஒரு சுகம் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி ஒன்று. பசளை வாங்கவோ வங்கி அலுவலாகவோ கிளிநொச்சிக்குப் போகிற நாளெல்லாம் நூலகத்துக்குள் நுழைந்து, சிறுவர் பகுதியில் அந்தக் குட்டிக் கதிரை ஒன்றில் உடம்பைத் திணித்துக்கொண்டு இருந்து, நரியும் முயலும் அட்டையில் பல்லைக் காட்டுகிற புத்தகங்களாகப் பொறுக்குவாள். பஸ் ஏறியதும் வாசிக்கத் தொடங்கினால் கண்டாவளையில் இறங்கும்போது முகம் கோணிப்போயிருக்கும்.

ஒரு காலத்தில் முன்பள்ளியில் படிப்பித்தவள். வயது ஐம்பதைத் தாண்டி, வேலையை விட்டுப் பல வருசமாகியும் ஊர் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டது. கணவர் வீரகத்திக்கு வாய்க்கால் பாய்கிற வயலும் ஒரு பட்டி மாடும் இருந்தன. இரண்டு பேருடைய தாய் தகப்பனும் குளத்துப் பாசனத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ஆகவே மிருகங்களைப் படத்தில் பார்த்து வளர்ந்தவள் அல்ல அவள். அதுதான் அவளுடைய வியாதிக்கே காரணம்.

பழைய கதைகளில் அவளுக்கு முதற் கோபம் நரிமேல் ஏற்றிவைத்த பழி. அவள் கண்ட நரி சொறி பிடித்தது. வரம்பில் நண்டு தோண்டித் தின்னும், யாராவது செருமினால் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு ஓடும். அதற்குச் சூழ்ச்சி செய்ய நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. இந்த நாட்டில் கூட்டுக்கு வெளியே யாருமே கண்டிராத சிங்கத்துக்கு முன்னால் எல்லா மிருகமும் கைகட்டி நிற்பது அடுத்த எரிச்சல். எறும்பு நல்லதாம், ஏனென்றால் உழைக்கிறதாம். சொன்னவன் தன் வீட்டுச் சீனிப் போத்தலைத் திறந்து பார்க்காதவன். இவையெல்லாம் மயிர் போர்த்த மனிதர்கள், அதிலும் கடைக் கணக்குப்பிள்ளையின் புத்தி உள்ள மனிதர்கள் என்பது அவளுடைய முடிவு. முன்பள்ளியில் கதை சொல்லும்போது கடைசியில் வருகிற நீதியை மட்டும் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிடுவாள். பிள்ளைகள் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. தாய்மார்தான் முறைப்பாடு கொண்டுவந்தார்கள்.

புதுக் கதைகள் அவளை இன்னும் படுத்தின. நாய் என்றால் இடிந்த வீட்டு வாசலில் எசமானைப் பார்த்துக் கிடந்து கடைசிப் பக்கத்தில் செத்தாக வேண்டும். பூனை என்றால் கொழும்பு மாடிவீட்டு யன்னலில் ஏறி இருந்து எழுதுகிறவரின் தனிமையைச் சுமக்க வேண்டும். இரஞ்சிதத்தின் பூனை பாயில் அணில் தலையைக் கக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நித்திரை கொள்ளும். யானை "நான்" என்று தொடங்கித் தன் துயரத்தை இலக்கணச் சுத்தமாகச் சொல்லும். எல்லாவற்றிலும் கேவலம் சண்டைக் காலத்து மாட்டுக் கதைகள். இடம்பெயரும்போது கட்டை அவிழ்த்துவிட்ட பசு திரும்பிப் பார்த்துக் கண்ணீர் விட்டது என்று எழுதாத எழுத்தாளர் இல்லை. கடைசிச் சண்டையில் அவளும் தன் கையாலேயே பட்டியைத் திறந்துவிட்டவள். ஒரு மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேரே பக்கத்துக் காணிக் கச்சான் செடிகளுக்குள் இறங்கி மேயத் தொடங்கின. அழுதது அவள்தான். மாடு அழுதது என்று எழுதிவிட்டால் எழுதுகிறவருக்கு அழுகிற வேலை மிச்சம் என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் பாலன் மாஸ்டர் தன்னுடைய புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினார். ஓய்வுபெற்ற பிறகு ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவராக வந்தவர், அந்த வேலை போதாமல் சிறுவர்களுக்கு விலங்குக் கதைகளும் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் வெளியீடு. வாசகர் பார்வையை டீச்சர்தான் பேச வேண்டும் என்றார். அவளுடைய வாயைப்பற்றித் தெரியாதவர் அல்ல அவர். தன் கதைகள் அந்த வாயையும் மாற்றிவிடும் என்று நம்புகிற அளவுக்கு நல்ல மனிதர்.

புத்தகத்தை அவள் ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள். குரங்கு மன்னிப்புக் கேட்டது. மயில் தாழ்மை பழகியது. மாஸ்டர் மிகவும் பெருமைப்பட்ட கதையில் ஒரு கன்றுக்கு இரண்டு பேர் உரிமை கேட்டு அரசனிடம் போகிறார்கள். அரசன் இரண்டு பசுக்களையும் எதிரெதிரே நிறுத்திக் கன்றை நடுவில் விடுகிறான். கன்று துள்ளி ஓடிப் பெற்ற தாயிடம் பால் குடிக்கிறது, சபை கண்கலங்குகிறது. இரஞ்சிதம் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் "பச்சைப் பொய்" என்று எழுதினாள்.

அந்த வாரமே கன்றுச் சண்டை ஊருக்குள் வந்தது.

வயல் விதைத்தால் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. எல்லோருடைய மாடுகளையும் சேர்த்துப் பற்றைக்காட்டுக்குச் சாய்த்துவிட்டு, ஒருவரை வைத்துக் காவல் பார்ப்பார்கள். அறுவடை முடிந்தபின் திரும்பவும் கொண்டுவருவார்கள். அங்கேயே ஈன்ற கன்றுகளை ஊர் வந்ததும் தாயைப் பார்த்துப் பிரித்து, வளர்ந்தபின் குறி சுடுவது வழக்கம். இந்தமுறை காவலுக்கு இருந்த ரூபன் இடையில் காய்ச்சல் வந்து கனகராயன்குளத்திலுள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டான். அவன் இல்லாத நாட்களில் இரண்டு பசுக்கள் ஈன்றிருந்தன. ஒன்று வீரகத்தியின் செவலை. மற்றது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பிலுள்ள பேச்சியம்மாவின் வெள்ளச்சி. திரும்பி வந்தபோது இரண்டு பசுவுக்கும் பால் மடி இருந்தது, கன்று மட்டும் ஒன்றுதான் இருந்தது. மற்றதைக் காடு தின்றுவிட்டது. மிஞ்சியது நாகு கன்று, நாளைக்குப் பசுவாகப் போகிறது, யார்தான் விடுவார்கள்.

பேச்சியம்மா மலையகத்துத் தோட்டத்திலிருந்து இனக் கலவரத்துக்குத் தப்பி வந்த குடும்பம். வன்னியில் நாற்பது வருசத்துக்கு மேல் இருந்தும் பேச்சில் தோட்டத்தின் வாடை போகவில்லை. ஊரும் அதை மறக்க விடவில்லை. புருசனும் இல்லை. வெள்ளச்சி ஒன்றுதான் அவளுடைய சொத்து, அந்தக் கன்று அடுத்த சொத்து. வீரகத்தியின் பட்டியில் கன்று ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

விசயம் கமக்காரர் அமைப்புக்கு வந்தது. அங்கே தலைமையில் இருந்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. விதானையாரிடம் போகவேண்டாம், பொலிசுக்கும் போகவேண்டாம், கன்றே சொல்லட்டும் என்றார் பாலன் மாஸ்டர். சிறுவயதில் அந்த மாதிரிக் கதையைக் கேட்டு வளராத ஆள் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

காலையிலிருந்து கன்றுக்குப் பால் காட்டவில்லை. குளக்கட்டுக்குக் கீழேயிருந்த பட்டியில் இந்தக் கட்டையில் செவலையையும் அந்தக் கட்டையில் வெள்ளச்சியையும் கட்டி, நடுவில் கன்றை விட்டார்கள். சுற்றிவர ஊர் நின்றது. வெள்ளச்சி குரல் கொடுத்தது. கன்று காதை நிமிர்த்தி அந்தப் பக்கமாக நாலடி வைத்தது. அப்போது யாரோ ஒரு வீணாய்ப்போனவன் சீழ்க்கை அடித்தான். வெள்ளச்சி வெருண்டு காலை உதறியது. கன்று திரும்பி ஓடி வந்து செவலையின் மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சனம் கை தட்டியது. சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"மனிசன் பொய் சொல்லுவான். வாயில்லாச் சீவன் சொல்லாது," என்றார் மாஸ்டர். "இந்தக் கண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது."

இரஞ்சிதம் பட்டி வேலிக் கம்பைப் பிடித்தபடி செவலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பசு கன்று குடிக்கும்போது சும்மா நிற்காது. தலையைத் திருப்பி அதன் பின்பக்கத்தை மோந்து மோந்து நக்கும். செவலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரை மீட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தது. அதன் குணம் அவளுக்குத் தெரியும். பால் கட்டிய மடி இறங்கினால் போதும், ஆட்டுக்குட்டி முட்டினாலும் காலை அகட்டிக் கொடுக்கிற மாடு அது. செத்தது செவலையின் கன்று. அதற்குப் பிறகு இந்தக் கன்று காட்டில் இரண்டு மடியிலும் குடித்துப் பழகியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் வெள்ளச்சி கழுத்துக் கயிறு இறுகிக் கண் பிதுங்க இழுத்துக்கொண்டு நின்றது.

இவ்வளவும் அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. வாய் திறக்கவில்லை. பக்கத்தில் வீரகத்தி வென்ற முகத்தோடு நின்றார். சனம் அப்படிக் கை தட்டியது. பேச்சியம்மா மட்டும், "பசிச்ச புள்ள எந்த வீட்லயும் திங்கும்ங்க," என்று சொல்லிப் பார்த்தாள். யாரோ சிரித்தார்கள். அவள் வெள்ளச்சியை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் சோறு போடும்போது இரஞ்சிதம் கணவரிடம் விசயத்தைத் தொடங்கினாள். "இஞ்சருங்கோ, அது எங்கட கண்டில்லை," என்றாள். வீரகத்தி பிறர் பொருளுக்கு ஆசைப்படுகிற மனிதர் அல்ல. அவர் உண்மையாகவே நம்பினார். ஊரே பார்த்ததை நீர் ஒருத்தி இல்லையென்கிறீரோ என்று கேட்டார். அதற்குமேல் அவளும் வற்புறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் சொல்லுவம் என்று மனதுக்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. மைக் இருக்கும், பிரதம விருந்தினர் இருப்பார், ஊர் முழுக்க வாய் பொத்திக் கேட்கும். இத்தனை வருசமாக அவள் குமைந்துகொண்டிருந்த அத்தனை கதைகளையும் ஒரே அடியில் விழுத்த இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அடுத்தநாட் காலை மேசையில் இருந்து பேச்சை எழுதத் தொடங்கினாள். வசனங்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து வெள்ளச்சி கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. யன்னலைச் சாத்திவிட்டு எழுதினாள்.

பிரச்சினைப்பட்ட கன்றென்றபடியால் வளரும்வரை பார்த்திருக்க வீரகத்தி விரும்பவில்லை. காதில் இலக்கத் தகடு குத்துகிற காலம் வந்த பிறகும் ஊருக்குள் சூட்டுக்குறிதான் பேச்சு. குறி விழுந்த மாட்டுக்கு மறுபடி வழக்கு இல்லை. அன்று காலையே அவளிடம் சொல்லிவிட்டு அவர் இரும்பைச் சிவக்கக் காய்ச்சி, ஆள் பிடிக்க, கன்றின் பின் தொடையில் தன்னுடைய குறியை வைத்தார். கன்று குழறிய சத்தம் மேசை வரை வந்தது. மயிர் கருகிய மணம் குசினிக்குள் நிறைந்தது. இரஞ்சிதம் எழும்பி வாசலுக்கு வந்தாள். அதற்குள் எல்லாம் முடிந்து தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பிப் போய் இருந்து, "கதைகளில் எந்த மிருகத்துக்கும் தோல் எரிவதில்லை" என்று எழுதினாள். திருப்பி ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். நல்ல வசனமாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மாஸ்டர் கன்றையும் கொண்டுவரச் செய்திருந்தார். புதுச் சலங்கையும் செவ்வந்தி மாலையும் போட்டு, குறிச்சூடு தெரியாமல் முதுகில் ஒரு சிவப்புச் சால்வையும் போர்த்தி, மேடைக்கு அருகே தூணில் கட்டியிருந்தது. அது மாலையைத் தின்னப் பார்த்துக்கொண்டு நின்றது. புத்தகத்தின் உயிருள்ள சாட்சி என்று அறிவிப்பாளர் சொன்னார். பேச்சியம்மாவும் வந்திருந்தாள். கடைசி வரிசைக்கும் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றாள்.

இரஞ்சிதம் மைக்குக்கு முன்னால் போய்த் தொடங்கினாள். நரியில் தொடங்கிச் சிங்கத்துக்கு வந்து, நாயைக் கொல்லுகிறவர்களையும் பூனையைத் தனிமைக்கு வாடகைக்கு எடுப்பவர்களையும் ஒரு பிடி பிடித்தாள். சனம் சிரித்தது. பிரதம விருந்தினரே சிரித்தார். பிறகு தூணைக் காட்டினாள். "இந்தக் கண்டு எங்கட இல்லை," என்றாள். "செவலை இதைத் திரும்பிக்கூடப் பாக்கேல்லை, நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். இது வெள்ளச்சி ஈண்டது. கதையை நம்பி ஒரு மனுசியின்ர சொத்தைப் பறிச்சுப்போட்டம்."

 வீரகத்தி முன்வரிசையில் தலை குனிந்தார்.  இப்போது ஊர் வெட்கப்படும், மாஸ்டர் எழும்பித் தன் பிழையை ஒப்புக்கொள்ளுவார், பேச்சியம்மா தன் கன்றைத் தன்னுடையதென்று நிமிர்ந்து கொண்டுபோவாள் என்று இரஞ்சிதம் காத்து நின்றாள்.

மாஸ்டர் எழும்பத்தான் செய்தார். கண் நிறைந்திருந்தது. மைக்கை வாங்கி, டீச்சரின் வாய்தான் கடுமை, மனம் பொன் என்றார். தனக்கென்று தீர்ப்பான கன்றை ஓர் ஏழைத் தாய்க்குக் கொடுப்பதற்காகத் தன்மேலேயே பழி போட்டுக்கொள்கிற மனம் எத்தனை பேருக்கு வரும் என்று கேட்டார். இதைவிடப் பெரிய கதை தன்னால் எழுத முடியாது, ஆனாலும் எழுதத்தான் போகிறேன் என்றார். மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. வீரகத்தி நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரஞ்சிதம் இல்லை, இல்லை என்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. படம் எடுக்கிறவன் மேடைக்கு முன்னால் வந்துவிட்டான். கயிற்றை டீச்சர் கொடுக்க பேச்சியம்மா இரண்டு கையாலும் வாங்குகிறமாதிரி நிற்க வேண்டுமாம். யாரோ பேச்சியம்மாவை முதுகில் கைவைத்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.  பொய்யை மறுத்ததே இன்னொரு பொய்யாகிப் பல்லிளிப்பதை இரஞ்சிதம் எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

பேச்சியம்மா மேடையில் ஏறவில்லை. தூணடிக்குப் போய்த் தானே முடிச்சை அவிழ்த்தாள். "எங் கன்னுக்குட்டிய நா கொண்டு போறதுக்கு எதுக்குங்க போட்டோ?" என்று கேட்டாள். மாலையைக் கழற்றினாள், சலங்கையைக் கழற்றினாள், சிவப்புச் சால்வையை இழுத்து எடுத்தாள். சால்வை ஒட்டியிருந்த இடத்தில் தோல் கொஞ்சம் சேர்ந்து வந்தது. கன்று துள்ளியது. எல்லாவற்றையும் மேடை விளிம்பில் வைத்துவிட்டு நடந்தாள். குடுத்தாலும் நன்றியில்லாத சனம் என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. திமிர் என்றது இன்னொன்று.

இரஞ்சிதம் செருப்பைத் தேடிப் போடாமல் பின்னால் ஓடினாள். வாய்க்கால் மதகடியில் எட்டிப் பிடித்தாள். அவர்கள் சொன்னதைக் காதில் எடுக்கவேண்டாம், அது உம்முடைய கன்றுதான், நான் அப்படித்தான் சொன்னேன் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"சொன்னீங்க. கேட்டேன்," என்றாள் பேச்சியம்மா. கன்றின் பின் தொடையில் நீர் வடிகிற அந்தக் குறியைக் காட்டினாள். "செவல திரும்பிப் பாக்கலன்னு பட்டியில நின்னப்பவே ஒங்களுக்குத் தெரியும். எம் மாடு கத்துனது வீட்டுக்குள்ள கேட்டிருக்கும். அப்ப ஏம்மா சுடவிட்டீங்க?"

கோபமாக அல்ல, தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்கிறமாதிரிக் கேட்டாள்.  பிறகு கன்றைத் தட்டிக்கொண்டு மதகைக் கடந்து போனாள். அந்தப் பக்கத்தில் வெள்ளச்சி கயிற்றை இழுத்தபடி குரல் கொடுக்கத் தொடங்கியிருந்தது.

பதில் இரஞ்சிதத்திடம் இருந்தது. அன்று காலை வசனங்கள் நன்றாக வந்துகொண்டிருந்தன, விட்டுவிட்டு எழும்ப மனம் வரவில்லை. இந்த அசிங்கத்தை ஒரு மனுசியின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. வெறுங்காலோடு மதகில் நின்று, எச்சிலைக் கூட்டி வாய்க்காலில் துப்பினாள்.